ஆங்கிலத்தின் அருஞ்சொற்கள்

ஆங்கிலங் கற்கப் புகும் மாணவன் முதற்கண் எளிய சொற்களையே பயில்கின்றான். கைக்கு ‘ஹாண்ட்’ என்றும், வாய்க்கு ‘மவுத்’ என்றும், பல்லுக்கு ‘ரூத்’ என்றும், சந்திரனுக்கு ‘மூன்’ என்றும் மனனஞ் செய்கின்றான். சில வகுப்புக்களைக் கடந்து நூல்களைத் தானே படிக்கத் தொடங்குங்கால், கையாற் செய்வது ‘மனுவல்’ என்றும், வாயாற் சொல்வது ‘ஓறல்’ என்றும், பல் வைத்தியர் ‘டென்ரிஸ்ட்’ என்றும், சந்திரனுக்குரியது ‘லூனர்’ என்றும் வரக் கண்டு திகைக்கின்றான். முன்னர்க் கற்ற சொல் பின்னர் வருஞ் சொல்லை அறிதற்கு எவ்வகைத் துணையுஞ் செய்வதில்லை. பல் என்னுஞ் சொல்லை அறிந்த தமிழ்க் குழந்தை பல்வைத்தியர் யாவர் என்பதைத் தானே உய்த்துணர்ந்து கொள்ளும். ஜெர்மானியக் குழந்தைக்கும் அவ்வாறே. ஆங்கிலக் குழந்தைக்கோ அவ்வசதி இல்லை. ஆங்கிலேயனும் தன் தாய்மொழியின் மேற்றளத்தைப் பிறமொழி ஒன்றைக் கற்பான் போன்றே முயன்று கற்க வேண்டியவனாகின்றான். நம் மாணவர் இதனை அறிவாராயின், அருஞ்சொற் பட்டியல்களோடு போராடுவோர் தாம் மாத்திரம் அல்லர் என்று ஆறுதல் பெறுவர்.

இவ்விரு தளங்களும் இயற்கையாய் அமைந்தவை அல்ல. மேற்றளத்தின் பெரும்பகுதி ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுள், அறிஞர் சிலர் அறிந்தே எழுப்பியது; வேறு சில அறிஞர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். அப்போராட்டத்தின் விளைவாகவே ஆங்கில அகராதி என்னும் நூல்வகையும் தோன்றிற்று. அவ்வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

பழைய ஆங்கிலம் சொல்வறுமை உடைய மொழியன்று. 1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன்னர், அந்நாட்டுத் துறவியர் இலத்தீனில் உள்ள கருத்துக்களைத் தம் மொழிச் சொற்களைக் கூட்டியே வெளியிட்டனர். வானநூலுக்கு ‘விண்மீன்கலை’ என்றும், எண்ணூலுக்கு ‘எண்கலை’ என்றும், சீடனுக்குக் ‘கற்கும் இளைஞன்’ என்றும் பொருள்படுந் தொகைச்சொற்களை அவர்கள் ஆக்கினர். கிறித்து சமயத்தின் திரித்துவக் கொள்கையையும் ‘மும்மை’ என்னும் பொருளுள்ள சொல்லொன்றாற் கூறினர். நோர்மானியர் வந்த பின்னர் அரசவை, நீதிமன்றம், உயர்குடி ஆகியவற்றின் மொழி பிரெஞ்சு ஆயிற்று. சமயமும் கல்வியும் இலத்தீனிலே நடந்தன. ஆங்கிலம் உழவரிடத்தும் அடுக்களையிலும் தங்கிற்று. ஆங்கிலம் மறுபடியும் தலையெடுத்த காலத்தில், வழக்குக்கள் ஆங்கிலத்தில் நடைபெறல் வேண்டும் என 1362 இல் ஒரு சட்டம் பிறந்தது. அச்சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருந்தது என்பது நகைப்புக்குரியது. இடைக்காலத்தில் ஆங்கிலத்திற் புகுந்த பிரெஞ்சுச் சொற்கள் பத்தாயிரம் வரையில் என்றும், அவற்றுள் முக்காற் பங்கு இன்றும் வழங்குகின்றன என்றும் மொழிநூலார் கணித்துள்ளனர். ஆயினும் இச்சொற்கள் ஆட்சியாளரொடு பழகிய மக்களின் நாவிலே ஊறி வந்தவை. நாம் இனிக் கூறப்புகும் சொற்களோ ஏட்டிலிருந்து இறங்கியவை.

வில்லியம் காக்ஸ்டன் 1476 இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சியந்திரத்தை நிறுவிய காலத்தில், எச்சொல்லை எழுதுவது என்பதே ஓர் இடர்ப்பாடாய் இருந்தது. தாம் 1490 இல் அச்சிட்ட நூலொன்றின் முன்னுரையில் அவர் ஒரு கதை கூறுகின்றார். வணிகர் சிலர் தேம்ஸ் நதிக் கரையில் இறங்கி ஒரு வீட்டுத் தலைவியிடம் முட்டை கேட்டனர். அவர்கள் வழங்கிய சொல் அவளுக்கு விளங்கவில்லை. தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று விடையிறுத்தாள். கேட்டவரோ ஆங்கிலமே பேசினார். அவருக்குச் சினம் மூண்டது. முட்டைக்குத் தென்பகுதியில் வழங்கிய வேறொரு சொல்லை மற்றொருவர் கூறிய பின்னரே அவள் புரிந்து கொண்டாள். முட்டைக்கே இந்நிலையாயின், அறம், அரசியல், மருத்துவம், தருக்கம் என்னுந் துறைகளை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தவர் பட்ட பாட்டை யாம் ஊகித்தறியலாம்.

பதினாறாம் நூற்றாண்டில் அத்துறைகளை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய தேவை பெருகிற்று. அச்சு நூல்களை மலிவாக்கிற்று. வில்லியம் ரின்டேல் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1526 இல் அச்சாகிப் பொதுமக்கள் கைக்கு எட்டிற்று. வணிகரும் கைவினைஞரும் நூல் வாங்கத் தொடங்கினர். ஆயினும் எழுதவல்லார் எல்லாரும் இலத்தீனிலே பயின்றவர்கள். வில்வித்தையைப் பற்றி 1545 இல் ஆங்கிலத்தில் நூல் இயற்றிய றோஜர் அஸ்கம், அதனை இலத்தீனிலோ கிரேக்கத்திலோ எழுதுதல் தமக்கு எளிதாய் இருந்திருக்கும் என்று முன்னுரையிற் குறிப்பிடுகின்றார். தாய்மொழியில் எழுதுவதற்கு ஒருவர் காரணங் காட்ட வேண்டியிருந்த காலம் அது.

சேர் தொமஸ் எலியட் என்பார் காரணங் காட்டுவதோடு அமையாது வேலையில் இறங்கினார். அரசியற் பணிக்கு இளைஞரைப் பயிற்றும் முறையைக் கூறும் அவருடைய நூல் 1531 இல் எட்டாம் ஹென்றி மன்னருக்கு உரிமையாக்கப்பட்டு வெளிவந்தது. ஆங்கிலம் வறியது, அதனை வளம்படுத்தல் தம் கடன் என்பது அவர் கருத்து. ஆதலின் இலத்தீனிலிருந்து சொற்களைத் தாராளமாக எடுத்தார். எடுத்த சொல்லின் அருகே மக்கள் அறிந்த சொல்லொன்றையும் வைத்தார். ‘எடியுக்கேஷன்’ என்று எழுதிப் பிள்ளைகளை வளர்த்தல் என்று உடன் சேர்த்தார். ‘அனிமேற்’ என்று எழுதி ஊக்கமூட்டல் என்று விளக்கினார். ‘மச்சூரிற்றி’ என்னுஞ் சொல்லை வழங்கும்போது, அது புதியதும் இருண்டதும் என்று தாமே ஒப்புக்கொண்டு, அதன் பொருளை விரித்துரைத்தார். ‘மொடெஸ்ரி’ என்பதையும் ஆங்கிலத்தில் அறியப்படாத சொல்லென்றே அறிமுகஞ் செய்கின்றார். இச்சொற்கள் இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்தவை. ஆயின் அவர் உதவி என்னும் பொருளிற் கொணர்ந்த ‘அட்மினிக்குலேஷன்’ என்பதை இன்று எவரும் வழங்குவாரல்லர். அருஞ்சொல்லைப் பழகிய சொல்லோடு இணைத்துத் தருதல் என்னும் எலியட்டின் உபாயம் சிறந்த ஆசிரியர் ஒருவரின் உபாயமேயாம். வாசகனை இருளில் விட்டுச் செல்லாத அப்பண்பு அவரைப் பின்பற்றிய பலரிடத்துக் காணப்படவில்லை.

பின்வந்தோர் புலமையைக் காட்டும் பொருட்டே இலத்தீன் சொற்களைப் பெய்தனர். விலங்கின் கொம்பினாற் செய்த மைக்கூட்டை எழுத்தாளர் தம்முடன் கொண்டு திரிந்த காலமாதலின், மையிலே தோய்ந்து பிறந்த இச்சொற்களை ‘மைக்கூட்டுச் சொற்கள்’ என்று எதிர்த்தோர் இகழ்ந்தனர். தொமஸ் வில்சன் 1553 இல் வெளியிட்ட சொற்கலை நூலில், திருச்சபையிற் பதவி வேண்டி லிங்கன்ஷயரைச் சேர்ந்த ஒருவர் எழுதியதாக ஒரு கடிதத்தைச் சேர்த்துள்ளார். அது முழுவதும் இலத்தீன் சொற்களால் நிரம்பிய கேலிக் கடிதம். அதனை இன்று படிப்போர்க்கு ஒரு வியப்பு உண்டாகும். ‘இஞ்சென்ற்’, ‘அக்சேர்சிற்றெட்’, ‘ஸ்பிளென்டிடியஸ்’ என அதில் வருவன இறந்தொழிந்த சொற்கள். ஆனால் அவற்றின் அருகே அதே கேலிக்காக வைக்கப்பட்ட ‘செலபிறேற்’, ‘எக்ஸ்ரோல்’, ‘டெக்ஸ்ரெறிற்றி’, ‘மண்டேன்’ என்பன வாழ்கின்றன. எவரும் அவற்றைக் கேட்டு நகைப்பதில்லை. எச்சொல் நிலைக்கும், எச்சொல் அழியும் என்று கூறுவதற்கு வில்சனைப் போன்ற அறிஞராலும் இயலவில்லை.

எதிர்த்தோருட் பெருமதிப்புக்குரியவர் சேர் ஜோன் சீக். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் 1540 இல் அரசர் நிறுவிய கிரேக்கப் பேராசிரியர் பதவியை முதன்முதல் வகித்தவர் அவர். இளவரசராய் இருந்த ஆறாம் எட்வேட்டுக்கு ஆசிரியருமாவார். இலத்தீனும் கிரேக்கமும் அறியாதவர் பிறமொழிச் சொற்களை வெறுத்தல் வியப்பன்று. அவ்விரண்டிலும் துறைபோகிய ஒருவர் வெறுத்தாராயின் அது கருதற்பாலது. தம் நண்பர் தொமஸ் ஹோபிக்கு 1557 இல் எழுதிய கடிதத்தில், ஆங்கிலம் தூயதாய், கலப்பற்றதாய் எழுதப்படல் வேண்டும் என்றும், கடன் வாங்கித் திருப்பிச் செலுத்தாத வீடு முறிந்துபோவது போல மொழியும் முறிந்துபோம் என்றும் அவர் கூறினார். மத்தேயுவின் சுவிசேஷத்தை மொழிபெயர்க்கையில் அக்கொள்கையைக் கைக்கொண்டார். நூற்றுவர் தலைவனுக்கு நூறு என்னும் ஆங்கிலச் சொல்லடியாகவும், சந்திரனாற் பித்துற்றவன் எனக் கருதப்பட்டவனுக்கு ‘மூன்’ என்னும் அடியாகவும், உயிர்த்தெழுதலுக்கு ‘மீள எழுதல்’ என்னும் பொருளிலும் சொற்களை ஆக்கினார். எனினும் அவர் தூய்மையை வற்புறுத்திய அவ்வாக்கியத்திலேயே ‘பியூர்’ என்னுஞ் சொல் பிரெஞ்சு வழி வந்ததாகும். ஐந்நூறு ஆண்டுகளாகக் கலந்தவை பிரிக்க இயலாதவாறு ஒன்றியிருந்தன என்பதற்கு இதனினுஞ் சான்று வேண்டா. இது பற்றிச் சீக்கை எள்ளுதல் முறையன்று. அவருடைய சொல்லாக்கங்கள் கல்லாதாரும் கேட்ட அளவிற் பொருள் உணரத்தக்கவை. தாய்மொழியில் வேதத்தைப் படிக்க முன்வந்த உழவன், இலத்தீன் படித்த ஒருவனைத் தேடிச் சென்று பொருள் கேட்க வேண்டிய நிலை வரலாகாது என்பதே அவர் முயற்சியின் பயன்.

றால்வ் லீவர் என்பவர் 1573 இல் தருக்க நூலொன்றை முற்றும் ஆங்கிலச் சொற்களால் எழுதினார். தருக்கத்திற்கு ‘விற்கிறாப்ற்’, அதாவது அறிவுக்கலை, என்று பெயரிட்டார். முடிபுக்கு ‘எண்ட்சே’, வரைவிலக்கணத்திற்கு ‘சேவட்’ என அவர் ஆக்கியவை நுண்மையான சொற்களே. அவை நூலை விட்டு வெளியே வரவில்லை. தருக்கம் பயின்றோர் எல்லாரும் இலத்தீனிற் பயின்றவர்கள். அவர்களுக்குப் பழகிய கலைச்சொல் கையில் இருக்கையில் புதியதொன்றை ஏற்க மனமில்லை. இலத்தீன் அறியாதாருக்கோ தருக்கம் பயிற்றுவார் இலர். நல்ல சொல் மாத்திரம் போதாது, அதனைப் பயிலும் வகுப்பறையும் வேண்டும் என்பது லீவரின் தோல்வியிலிருந்து புலனாகின்றது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் இதனைச் சிந்தித்தல் நன்று.

சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனத் தொல்காப்பியர் வகுத்தமையை அறிந்த நமக்கு, இலக்கணமே இல்லாத மொழியில் இப்பூசல் எழுந்தமை விளங்கிக்கொள்ளத் தக்கதே. ஆங்கிலத்திற்கென எழுதப்பட்ட இலக்கண நூல் 1586 வரையில் இருக்கவில்லை. எச்சொல்லைக் கொள்வது, எவ்வடிவிற் கொள்வது என்பதற்கு விதி கூறுவார் இன்றி, ஒவ்வொருவரும் தம் செவியையே நீதிபதியாக்கினர். செய்யுட்கலை பற்றி 1589 இல் வெளிவந்து ஜோர்ஜ் பற்றனம் என்பவருக்கு உரியதாகக் கொள்ளப்படும் நூல் ‘மெதட்’, ‘பங்ஷன்’ முதலியவற்றை இன்றியமையாதன என ஏற்று, ‘அவுடேஷியஸ்’, ‘கொம்பற்றிபிள்’ முதலியவற்றை வேண்டாதன எனத் தள்ளுகின்றது. தள்ளப்பட்டவையும் நிலைத்தன. பென் ஜோன்சனின் 1601 ஆம் ஆண்டு நாடகமொன்றில், அருஞ்சொல் வழங்கும் புலவன் ஒருவனுக்கு மாத்திரை கொடுத்து அவன் விழுங்கிய சொற்களை மேடையிலே கக்க வைக்கின்றனர். கலத்தில் விழுந்தவற்றுள் ‘றெசிப்பிறொக்கல்’, ‘டிபங்ற்’, ‘ஸ்ரெனுவஸ்’, ‘கொன்ஷியஸ்’ என்பனவும் உள. இன்றைய உளநூலார் இவற்றுள் இறுதிச் சொல்லின்றி ஒரு பக்கமும் எழுத மாட்டார். 1500 முதல் 1650 வரையிற் புகுந்த புதுச்சொற்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை என்றும், அவற்றுள் ஏறக்குறைய அரைப்பங்கு நிலைத்தன என்றும் கூறுவர்.

அறிஞர் வாதிட்டுக்கொண்டிருக்க, இலத்தீன் அறியாத பெருந்தொகையினர் நிலை யாதாயிற்று? இலக்கணப் பள்ளிகள் ஆண்பிள்ளைகளுக்கே உரியவை. பெண்டிரும், கைவினைஞரும், சிறு வணிகரும் ஞாயிறுதோறும் பிரசங்கத்திற் கேட்ட சொற்களுட் பலவற்றை விளங்கிக்கொள்ள இயலாதிருந்தனர். சொந்த மொழியிலே அந்நியராக்கப்பட்ட இவர்களை முதலில் எண்ணிப் பார்த்தவர்கள் பள்ளிக்கூட உபாத்தியாயர்களே. இலண்டனில் தையற்காரர் சங்கத்தின் பாடசாலைத் தலைமையாசிரியராய் விளங்கியவரும், புலவர் ஸ்பென்சரின் ஆசிரியருமான றிச்சட் மல்காஸ்டர் 1582 இல் ஏறக்குறைய எண்ணாயிரம் ஆங்கிலச் சொற்களைப் பொருளின்றிப் பட்டியலாக அச்சிட்டு, ஆங்கிலச் சொற்கள் அனைத்தையும் திரட்டி ஒருவர் அகராதி செய்தல் வேண்டும் என்று விண்ணப்பித்தார். எட்மண்ட் கூற் என்னும் ஆசிரியர் 1596 இல் எழுதிய பாடநூல், நெசவாளரும் தையற்காரரும் கடைக்காரரும் தம் தொழிலை விடாமலே அருகிருந்து பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கத் தக்கதாய் அமைந்தது. அதன் இறுதியில் ஏறக்குறைய 1400 அருஞ்சொற்களுக்குப் பொருள் தரப்பட்டது. தறியில் இருந்தபடியே பாடங் கேட்கும் நெசவாளரை மனத்திற் கொண்டு நூலெழுதிய அவ்வாசிரியரைப் பெருங் கவிஞர்களோடு ஒப்ப வைத்துப் போற்றுதல் தகும் என்பது என் துணிபு.

கூற்றின் பட்டியலிலிருந்து பெரிதும் எடுத்து, மேலுஞ் சேர்த்து, 1604 இல் றொபேட் கோட்றி வெளியிட்ட அட்டவணையே ஆங்கிலத்திற்கு ஆங்கிலத்தாற் பொருள் கூறும் முதல் தனியகராதி எனப்படும். கோட்றி குருவாகவும் உபாத்தியாயராகவும் இருந்தவர்; திருச்சபையின் ஒழுங்குகளுக்கு இணங்காமையாற் குருப்பதவியை இழந்தவர். அவர் நூலில் உள்ளவை ஏறக்குறைய 2500 சொற்கள். சீமாட்டிகளும் பெண்டிரும் கல்வித் தேர்ச்சி இல்லாத பிறரும் வேதாகமத்திலும் பிரசங்கத்திலும் வரும் அருஞ்சொற்களை விளங்கிக்கொள்ளும் பொருட்டே அது செய்யப்பட்டதென அதன் முகப்பு நீண்டதொரு வாக்கியத்தாற் கூறுகின்றது. அகரவரிசையிற் சொல்லைத் தேடும் வழக்கமும் அக்காலத்தார்க்குப் புதியது. எழுத்துக்களின் வரிசையை வாசகர் மனனஞ் செய்தல் வேண்டும் என்றும், முன்னெழுத்துச் சொல்லை நூலின் முற்பகுதியிலும் பின்னெழுத்துச் சொல்லைப் பிற்பகுதியிலும் தேடுக என்றும் அவர் விளக்க வேண்டியிருந்தது. (நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டைச் செய்யுளாகவே மனனஞ் செய்தமையால் இவ்விடர் எழவில்லை. ஆயினும் அகரவரிசையில் அமைந்த அகராதி நிகண்டைச் சிதம்பர ரேவண சித்தர் 1594 இலே, கோட்றிக்குப் பத்தாண்டு முன்னரே, இயற்றிவிட்டார்.) மைக்கூட்டுச் சொற்களைக் கண்டித்து வில்சன் எழுதிய பகுதியைக் கோட்றி தம் முன்னுரையிற் பெரும்பாலும் அவ்வாறே எடுத்து வைத்துள்ளார். அருஞ்சொல் வழங்குவோரைக் கண்டிக்கும் முன்னுரையும், அருஞ்சொற்களே நிரம்பிய நூலுமாக அது அமைந்தமை முரணாகத் தோன்றலாம். எழுதுவோர் எளிமையாக எழுதல் வேண்டும், எழுதாவிடின் படிப்போர் ஏமாறாதிருத்தல் வேண்டும் என்று கொள்ளின் முரண் இல்லை. அவ்வகராதியின் முதற்பதிப்புப் பிரதி ஒன்றே ஒக்ஸ்போட் போட்லியன் நூல்நிலையத்தில் எஞ்சியுள்ளது.

கோட்றி விளங்கிக்கொள்வதற்கு உதவினார். அவர் பின்வந்த ஹென்றி கொக்கறம் மினுக்கிக்கொள்வதற்கு உதவினார். ஆங்கில அகராதி என்னும் பெயரை நூற்பெயராக முதன்முதல் சூட்டிய அவருடைய 1623 ஆம் ஆண்டு நூல் மூன்று பகுதிகளை உடையது. முதற்பகுதி அருஞ்சொல்லுக்கு எளிய பொருள் தருகின்றது. இரண்டாம் பகுதியோ எளிய சொல்லைத் தந்து, அதற்கு ஈடான அருஞ்சொல் யாது என்று கற்பிக்கின்றது. எளிதாகச் சொல்லக்கூடியதை அரிதாகச் சொல்லப் பழக்கும் நூல்கள் இன்றும் விலையாகின்றன. அவற்றுக்கெல்லாம் கொக்கறமே முதற் குரவர் என்க. இவ்வாசை நாடக மேடைக்கு நல்விருந்தாயிற்று. சேக்ஸ்பியரின் 1600 இல் அச்சான நாடகமொன்றில் டொக்பெரி என்னும் ஊர்க்காவலன் பெருஞ்சொற்களை மாறிப் பேசி நகைப்பூட்டுகின்றான். செறிடன் 1775 இல் மேடையேற்றிய நாடகத்தில் வரும் மலப்புறொப் அம்மையார் இத்தவற்றுக்கே தம் பெயரைக் கொடுத்தவர். இக்காட்சிகளைக் கண்டு நகையாதார் இலர். எனினும், மொழியை இலத்தீனாற் பூட்டியவரும் கற்றோர்; திறவுகோலைத் தவறாகத் திருப்பியவரைக் கண்டு நகைத்தவரும் கற்றோர் என்பதை மறத்தல் ஆகாது. மாறிப் பேசியோர் பள்ளிக்கு அனுப்பப்படாத ஒரு காவலனும் ஒரு பெண்ணுமாக அமைந்தமை தற்செயலன்று.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். தொமஸ் பிளண்ட் 1656 இல் ஏறக்குறைய 11,000 அருஞ்சொற்களைத் திரட்டினார். 1702 இல் வெளிவந்ததும் ஜோன் கேர்சியுடையது எனக் கருதப்படுவதுமான அகராதியிலேதான் அன்றாடச் சொற்களும் அகராதியில் இடம்பெறத் தக்கன என்னும் எண்ணம் உருப்பெற்றது. நூறாண்டு காலம் அகராதி என்பது அருஞ்சொற் கோவையாகவே இருந்தது. சாமுவேல் ஜோன்சனின் 1755 ஆம் ஆண்டுப் பேரகராதியில் 42,773 தலைச்சொற்கள் உள. வலையமைப்பு என்னும் எளிய சொல்லுக்கு அவர் தந்த விளக்கம், அதனை விளங்கிக்கொள்ள வேறோர் அகராதி வேண்டும் என்னும்படி இலத்தீன் மயமாய் இருந்தமையைப் பலரும் எடுத்துக்காட்டுவர். 1857 இல் மொழிநூற் கழகத்திலே வித்திடப்பட்டு 1928 இல் நிறைவுற்ற ஒக்ஸ்போட் பேரகராதி 414,825 சொற்களைத் தாங்கிற்று. சீக்கின் கொள்கையும் முற்றாக இறந்துவிடவில்லை. டோசெற் பகுதியைச் சேர்ந்த கவிஞரும் குருவுமான வில்லியம் பார்ன்ஸ் 1878 இல் இலக்கண நூலொன்றைத் தூய ஆங்கிலப் பெயரோடு வெளியிட்டார். துவிச்சக்கர வண்டிக்கும் பொதுவண்டிக்கும் அவர் ஆக்கிய தனியாங்கிலச் சொற்கள் அழகியவை. மக்கள் பழைய சொற்களையே வழங்கி வந்தனர்.

ஆங்கிலத்தின் கொள்முதல் இலத்தீனோடு நின்றதன்று. ‘கற்றமறான்’, ‘செறூட்’, ‘மல்லிகற்றோனி’ என ஆங்கில அகராதியில் உள்ளவை நம் கட்டுமரமும், சுருட்டும், மிளகுதண்ணீரும் ஆம். இவை கரையிலும் சந்தையிலும் செவிவழிச் சென்றமையால் எவரும் இவற்றை மைக்கூட்டுச் சொற்கள் என்று சினந்தாரல்லர்.

எலியட்டும் சீக்கும் எதிர்கொண்ட வினாவே யாழ்ப்பாணத்தில் வேறொரு வடிவில் எழுந்தது. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே தமிழ் மாணவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். ஆங்கில மருத்துவ நூல்களின் அருஞ்சொற்கள், கிரேக்கமும் இலத்தீனும் ஆகையால், ஆங்கிலேயர்க்கே விளங்காதவை. அவர் தம் மாணாக்கருடன் கூடித் தமிழ் நூல்களிற் சொல் தேடினார். கிடையாவிடத்து வடமொழியை நாடினார். அதுவும் இயலாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இணக்கி எழுதினார். 1867 இல் வெளிவந்த நூலுக்கு ‘இரணவைத்தியம்’ எனப் பெயரிட்டார். 1875 இல் வெளிவந்ததற்குக் ‘கெமிஸ்தம்’ எனப் பெயரிட்டார். இரணவைத்தியம் என்னுஞ் சொல்லின் பொருள் இன்றும் படித்த அளவிற் புலனாகும். கெமிஸ்தம் என்பது வழக்கொழிந்தது. ஈழத்துப் பாடசாலைகளில் இரசாயனவியல் என்றும், தமிழகத்தில் வேதியியல் என்றும் அத்துறை வழங்கப்படுகின்றது.